திறந்து பார்த்தால்தான் தெரியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது, தாமிரபரணி கரைமீறி வண்ணார்பேட்டையையும் கொக்கிரகுளத்தையும் சந்திப்புப் பகுதியையும் நிறைத்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. வெள்ளம் வடிந்த பின் மாதக்கணக்கில் பட்டறை வாசல்களில் வரிசையாக நின்ற கார்களைப் பற்றி மட்டும் அதிகம் பேச்சில்லை. உயிரும் வீடும் போன இடத்தில் காரைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் நின்றவற்றில் பல, வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டவை.

அந்த வரிசையில் என் காரும் நின்றது. அதனால் தெரியவந்ததை வைத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காரின் எஞ்சினை இறக்கிப் புதுப்பித்து ஏற்றுவதன் செலவில் பெரும்பகுதி ரசீதில் வருவதில்லை. நிச்சயமின்மையாகவும் காத்திருப்பாகவும் அதை நாம் கட்டுகிறோம். இரும்பின் விலையையும் உழைப்பின் கூலியையும் நம்மால் அதிகம் குறைக்க முடியாது. இந்த இரண்டையும் குறைக்க முடியும். குறைக்காமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

முதலில் நீர் எஞ்சினை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். காற்றை அழுத்த முடியும், நீரை அழுத்த முடியாது. சிக்கல் முழுவதும் இந்த ஒரு பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், மேலேறும் பிஸ்டன் அந்த நீரில் முட்டிக்கொள்ளும். அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராட் வளையும். சில சமயம் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேல் மிஞ்சுகிற இடம் இன்னும் குறுகியது. கொஞ்சம் நீரே போதும்.

ஓடாமல் நின்ற காருக்கு இந்த ஆபத்து இல்லை. அதற்கு வேறு எதிரிகள் உண்டு. வெள்ளம் கொண்டுவந்த நுண்ணிய வண்டல் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தேய்க்கும். சிலிண்டர் சுவரில் துரு ஏறும். பிஸ்டன் ரிங்குகள் அதில் ஒட்டிக்கொள்ளும். உடனடியாக ஆயிலை வடித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிவைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதில் 'உடனடியாக' என்ற சொல்தான் முக்கியம்.

காப்பீட்டு நிறுவனமோ, சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றது. அவர் வர 11 நாள் ஆயிற்று. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊரில் பாதி அன்று அவருக்காகக் காத்திருந்தது. அந்தப் பதினொரு நாளில் பிடித்த துருவைத்தான் பிறகு 'தொடர் இழப்பு' என்று வகைப்படுத்தினார்கள். தொடர் இழப்பு காப்பீட்டில் அடங்காது. நம் நாட்டு வாகனக் காப்பீட்டின் பொது நிபந்தனைகளில் தொடர் இழப்பு, தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகிய மூன்றும் விலக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சினுக்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டியவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். பாலிசியை விற்கும்போது இதை நிதானமாகத் தமிழில் சொல்லும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தேய்மானக் கணக்கும் ஒன்று உண்டு. ஓராண்டுக்குட்பட்ட காரின் உலோகப் பாகங்களுக்கு அதிகபட்சம் 5 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து முதல் பத்தாண்டு ஆனால் 40 சதவீதம், பத்தாண்டைத் தாண்டினால் 50 சதவீதம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வயது பாராமல் 50 சதவீதம். ஆக, பழைய கார் வைத்திருப்பவர் ஒரு பிஸ்டன் வாங்கினால் பாதி பிஸ்டனுக்கே காப்பீடு. பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதுவார்கள். இந்தக் கடைசி விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பதினோரு ஆண்டு ஓடிய என் பெட்ரோல் காரின் மதிப்பு 1,60,000 ரூபாய். கம்பெனி சர்வீஸில் கொடுத்த எஸ்டிமேட் 1,58,000. வண்ணார்பேட்டைப் பட்டறையில் முடிவில் ஆனது 73,000. சாலையின் ஒரு பக்கத்தில் இறந்துவிட்ட கார், மறுபக்கத்தில் பிழைத்துக் கிடந்தது. முடிவு செய்தது தாமிரபரணி அல்ல, எஸ்டிமேட் எழுதிய கை.

கம்பெனிக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதாகச் சொல்லவில்லை. பாதி எஞ்சினைக் கூட்டாக ஒரே பாகமாக வாங்கி மாட்டுவதாகச் சொன்னார்கள். நேரம் குறைவு, உத்தரவாதம் உண்டு. பட்டறையில் நடப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் நமக்குக் குழப்பம்.

பட்டறை மொழியில் இதற்கு 'ஓவராயிலிங்' என்று பெயர். ஓவர்ஹாலிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் நம்மவர்கள் ஆயிலைப் புகுத்திவிட்டார்கள், பொருத்தமாகவும் இருக்கிறது. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்குவார்கள். ஹெட்டைக் கழற்றி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, வால்வுகளை அவற்றின் இருக்கையில் படியும்படி தேய்ப்பார்கள். சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளப்பார்கள். வட்டம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். கிராங்க் ஷாஃப்ட்டுக்கு நேர்மாறு. அதைத் தேய்த்துச் சிறிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங்கைப் போடுவார்கள். எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. ஒரு தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஆயில் நிற்கவேண்டும்.

இந்த வேலையின் விலையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாற்பது வருடம் இதைச் செய்துவருகிற அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னது இது: "எஞ்சினைத் தொறக்காம நான் என்னத்த சார் சொல்லுதது? இப்ப நாப்பதுன்னு சொல்லிட்டு, தொறந்தப்புறம் எழுவதுன்னா என்னயத்தான ஏசுவீய?" இதை நழுவல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சிலிண்டரின் தேய்மானம் வெளியிலிருந்து தெரியாது. அளந்த பிறகே கடைய வேண்டுமா என்று தெரியும்; கடைந்த பிறகே எந்த அளவு பிஸ்டன் என்று தெரியும்; அந்த அளவு கடையில் இருக்கிறதா என்பது அதற்கும் பிறகு. வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்கு மொத்தத் தொகை சொன்னால் நாம் அவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவர் செய்த ஒரு காரியம்தான் எல்லா இடத்திலும் நடக்கவேண்டியது. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் மூன்று கட்டமாக எழுதிக் கொடுத்தார். திறந்து பார்க்க மட்டும் இவ்வளவு. திறந்தபின் வேண்டாம் என்றால் அத்தோடு சரி. ரிங், பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றால் இவ்வளவு. கடைய வேண்டிவந்தால் இவ்வளவு. ஒவ்வொரு கட்டத்திலும் அளவைக் காட்டி என்னைக் கேட்டபின்தான் அடுத்ததற்குப் போனார். முடிவில் ஆன கணக்கு: இறக்கி ஏற்றும் கூலி 14,000, லேத் வேலை 11,500, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் வகையில் 21,000, ஆயில் பம்ப், டைமிங் செயின், கிளட்ச் 12,500, ஆயில், கூலன்ட் வகையறா 5,000, நீர் புகுந்த வயரிங்குக்கும் சென்சார்களுக்கும் 9,000. பாகங்களுக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில்தான் அது 18 சதவீதமாகக் குறைந்தது. காப்பீட்டிலிருந்து வந்தது 19,000.

மொத்தம் 37 நாள். இதில் ஆட்கள் எஞ்சினில் கைவைத்து வேலை செய்த நாள் ஒன்பதுதான். சர்வேயருக்கு 11, லேத் பட்டறை வரிசையில் 8, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் கோயம்புத்தூரிலிருந்து வர 9. எனக்கு இது அசௌகரியம் மட்டும்தான். பாலத்தைத் தாண்டினால் கல்லூரி. நகரப் பேருந்தில் போய்வந்தேன்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் தம்பிக்கு அப்படியல்ல. தண்ணீர் ஏறிவந்த அதிகாலையில் வண்டியை மேட்டுக்கு நகர்த்தப் பார்த்திருக்கிறார். டீசல் வண்டி. இரண்டு ராட் வளைந்துவிட்டன. வண்டியைக் காப்பாற்ற எவரும் செய்யக்கூடிய அந்தக் காரியமே காப்பீட்டை இழக்கக் காரணமாகிவிட்டது. எஞ்சின் வேலைக்கு 1,05,000. வண்டி 52 நாள் நின்றது. எல்லாம் போக நாளுக்கு 1,500 கையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் நின்ற நாள்களின் விலை 78,000. இடையில் இரண்டு தவணை. "வண்டி நின்னாலும் வட்டி நிக்காது சார்" என்றார். மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. அவர் கொடுத்த மொத்த விலையில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்துக்கு உலகில் எந்த ரசீதும் கிடையாது.

பிஸ்டனுக்குக் காத்திருந்த நாள்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எஞ்சின்களை மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கும் பாகங்களைச் செய்வதில் தமிழ்நாடு முன்னோடி. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தோன்றியது. ரானே குழுமத்தின் எஞ்சின் வால்வுகள் 1959 முதல், கோயம்புத்தூரில் பைமெட்டல் பேரிங்ஸ் 1961 முதல். அம்பாசடர் ஓடிய காலத்தில் அதன் பிஸ்டன் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகப் பெரிய அளவுகளில் கடைகளில் கிடைத்தது. இந்தப் பெரிய அளவுப் பிஸ்டன் என்ற பொருளை நான் ஒரு வாக்குறுதியாகப் பார்க்கிறேன். இந்த எஞ்சின் ஒருநாள் தேயும், தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டாம், இன்னும் சில பிறவிகள் இதற்கு உண்டு என்று, செய்தவனே முன்கூட்டி ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது.

இன்றைய எஞ்சின்கள் பலவற்றுக்கு அந்த வாக்குறுதி இல்லை. அலுமினிய பிளாக், மெல்லிய சுவர், நுண்ணிய அளவுகள். 2017இல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-4, 2020இல் வந்த பிஎஸ்-6 மாசு விதிகளுக்கு இவை தேவைப்பட்டன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் கடைவதற்கு இடமிருக்கும் எஞ்சினுக்கும் பாகத்தைத் தனித்தனியாக விற்காமல் கூட்டாகவே விற்பது தொழில்நுட்பம் கேட்ட ஒன்றல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. உரிமை இணையதளத்தில் இருக்கிறது; பிஸ்டனுக்கு ஒன்பது நாள் ஆகிறது.

பழையதைக் கட்டி அழுவது ஏன், புதிது வாங்கினால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். இலக்கிய நண்பர் ஒருவர், 'அஜாந்திரிக்' கதாநாயகன் மாதிரி ஆகிவிட்டீர்கள் என்றார். சுபோத் கோஷின் கதையை ரித்விக் கட்டக் 1958இல் படமாக்கினார். ராஞ்சிப் பக்கத்தில் ஓட்டை செவ்ரலே டாக்சி வைத்திருக்கும் பிமல், அதற்கு ஜகத்தல் என்று பெயர் வைத்து உயிருள்ளதாக நடத்துகிறான். படத்தின் முடிவில் கையிலிருப்பதையெல்லாம் போட்டுப் புதுப் பாகங்கள் வாங்கி எஞ்சினைச் சரிசெய்து, பாறைகளை ஏற்றிச் சோதிக்கிறான். வண்டி படுத்துவிடுகிறது. பழைய இரும்புக்குப் போகிறது.

இப்படத்தை நாம் மனிதனுக்கும் இயந்திரத்துக்குமான காதல் கதையாகவே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அது, பழுதுபார்ப்பதா கைவிடுவதா என்ற கணக்கைத் தனியாளாகப் போட வேண்டிவந்த ஒரு தொழிலாளியின் கதையாகவும் தெரிகிறது. பிமலின் சோறு அந்த வண்டியில் இருக்கிறது. அளந்து சொல்ல அவனுக்கு ஆளில்லை. எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம் என்று எவரும் எழுதித் தரவில்லை. அவன் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சிரிக்கிறது. எங்கள் தெருத் தம்பியைப் பார்த்தும் சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் வண்டியை விற்றிருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் விலைதான் வந்திருக்கும். கடனோ புது வண்டியின் விலைக்கு வாங்கியது.

சந்தை விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய காரின் எஞ்சின் வேலை எப்போதும் நஷ்டம்தான். 73,000 போட்ட பிறகும் என் காரின் விற்பனை விலை அந்த அளவு ஏறிவிடவில்லை. ஆனால் இன்னும் ஐந்தாண்டு ஓடினால் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. எந்தப் புதுக் காரின் தவணையும் அதற்குள் அடங்காது. வண்ணார்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதற்கான உதாரணம் கண்ணெதிரே உண்டு. 1974இல் கட்டபொம்மன் பெயரில் தொடங்கி, 1997க்குப் பின் பெயர் மாறிய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சினை இறக்கிப் புதுப்பித்து ஏற்றுவது அங்கெல்லாம் வாடிக்கையான வேலை. பேருந்தை மறுவிற்பனை விலையால் யாரும் அளப்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றே கேட்கிறார்கள். தனியாரின் காருக்கும் அந்தக் கேள்வியே போதும்.

எல்லா எஞ்சினையும் இறக்கி ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிளாக் விரிந்துவிட்டால், அடித்தளம் துருவேறி அரித்துவிட்டால், மின்னணுப் பெட்டிகள் அனைத்தும் நீரில் ஊறிவிட்டால் விட்டுவிடுவதுதான் புத்தி. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு எஞ்சினை வாங்கிப் போடுவதும் ஒரு வழி. ஆனால் எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் இருப்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை முறையாக மாற்றியாக வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய வண்டியின் புகையைப் பற்றிய கவலையும் நியாயமானதே. புகையை அளந்து பார்த்து முடிவு செய்யலாம். அதைவிட்டு வயதை மட்டும் அளக்கிறோம். பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று; இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. நன்றாகப் புதுப்பித்த எஞ்சினுக்கும் புகை கக்கும் எஞ்சினுக்கும் ஒரே கட்டணம் என்றால், ஒழுங்காகப் பராமரிப்பவருக்கு அரசு சொல்லும் செய்தி என்ன?

நான் எதிர்பார்ப்பவை மிகச் சாதாரணமானவை. வெள்ளம் போன்ற பேரிடரில், தேதியிட்ட புகைப்படங்களை வைத்துக்கொண்டு ஆயிலை வடிக்கவும் நீரை வெளியேற்றவும் உரிமையாளருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் முதல் நாளே அனுமதி தரவேண்டும். காக்கவைத்ததால் பிடித்த துருவைக் காத்திருந்தவர் தலையில் கட்டக்கூடாது. எஞ்சினுக்குத் தனிக் காப்பு வேண்டும் என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிட வேண்டும். கூட்டாக விற்கும் பாகங்களைத் தனித்தனியாகவும் விற்க வேண்டும். பட்டறைகள் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுக்கும் எஸ்டிமேட்டை வழக்கமாக்க வேண்டும். நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். திறந்து பார்ப்பதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். அது அறிவுக்குக் கொடுக்கும் கூலி. அதை மிச்சம்பிடிக்க நினைப்பதால்தான் குத்துமதிப்பாக ஒரு தொகையைச் சொல்லும் கட்டாயத்துக்குப் பட்டறைக்காரரைத் தள்ளுகிறோம்; பிறகு அது ஏறிவிட்டது என்று சண்டை போடுகிறோம்.

தாமிரபரணியில் இன்னொரு முறை வெள்ளம் வரும். ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அது தெரியாததல்ல. அடுத்த முறை தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில், வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தன் வண்டியின் ஆயிலை வடிக்க முடிந்தால், அவர் மனைவியின் நகை வீட்டிலேயே இருக்கும்.